கடனும் மீட்பும்



அடகு வைத்த நகையைப் பணம் செலுத்தித் திரும்பப் பெறுவதை மீட்டல் என்கிறோம். மனிதன் பாவத்தினின்று விடுதலை பெறுவதையும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் மீட்பு என்றே வழங்குகின்றனர். இயேசுநாதர் தம் சீடர்க்குக் கற்பித்த செபமும், மத்தேயு சுவிசேஷத்தில், பாவத்தைக் கடன் என்றே குறிக்கின்றது. மனிதன் தன் முயற்சியால் தீர்க்கவியலாத அக்கடனைக் கிறிஸ்து தம் உயிரை ஈந்து தீர்த்தார் என்பது அச்சமயத்தாரின் அடிப்படை நம்பிக்கை.

தீராக் கடன் யாது என்பதை உடப்புசல்லாவை போன்ற மலைநாட்டு ஊர்களில் உழைத்த நம் முன்னோர் நன்கறிவர். கங்காணி தென்னிந்தியக் கிராமத்தில் கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டன. வேறு தோட்டம் செல்ல விரும்பினால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் எனத் தோட்டத்துரை எழுதித்தரும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். ஆயினும் கடன் அழியாது. தொழிலாளருடன் அதுவும் புதிய லயத்திற்கு வந்து சேரும். அது மீட்பன்று, கைமாற்றமே.

இச்சூழலில், 1854ஆம் ஆண்டு, துரைமார் சிலரின் முயற்சியாலும் சர்ச் மிஷனரி சங்கத்தின் துணையாலும் தமிழ்க் கூலி மிஷன் தோன்றியது. உபதேசியார்கள் தோட்டந்தோறும் சென்று போதித்தனர், பள்ளிகளும் எழுந்தன. கடன் முழுவதும் மன்னிக்கப்படும் என்பதே அவர்கள் கொணர்ந்த நற்செய்தி. ஆனால் அச்செய்திக்குப் பொருளுதவி செய்த துரைமார் வகுப்பினரின் அலுவலகங்களிலேதான் கடன் கணக்கும் இருந்தது.

இம்முரண்பாட்டை மத்தேயு சுவிசேஷத்தின் உவமையொன்று முன்னரே சுட்டியுள்ளது. அரசனிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன் மன்னிப்புப் பெறுகிறான். வெளியே வந்ததும், தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டிய தோழனின் கழுத்தைப் பிடிக்கிறான். அரசன் தன் மன்னிப்பைத் திரும்பப் பெறுகிறான். தான் பெற்ற மன்னிப்பைப் பிறர்க்கு வழங்காதவனுக்கு அம்மன்னிப்பு நிலைக்காது என்பதே அதன் பொருள்.

துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. எனினும் அவ்வரலாறு நமக்கொரு பாடம் விட்டுச்சென்றுள்ளது. பாவம் என்றதும் ஏழையின் குடியையும் சண்டையையும் சுட்டுவது எளிது. கணக்கேட்டில் அமைதியாக எழுதப்படும் பாவம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனையும் பாவமென ஒப்புக்கொள்ளும் உள்ளத்திலேதான் மீட்பின் நம்பிக்கை பிறக்கின்றது. எச்சமயத்தவராயினும், நாம் பிறரிடம் பிடித்து வைத்திருக்கும் துண்டு எதுவென இன்றிரவு ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.