படிக்காமல் போட்ட கையெழுத்து

சென்ற மாதம் எங்கள் அன்பியக் கூட்டம் முடிந்து காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் என் முன்னால் ஒரு தாளை நீட்டினான். நல்ல பையன். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவன். இணையத்தில் வந்திருக்கும் ஏதோ ஒரு தொடர் நம் விசுவாசத்தை இழிவுபடுத்துகிறதாம். நம் வீடுகளில் அதை யாரும் பார்க்கக்கூடாது, அரசாங்கம் அதைத் தடை செய்ய வேண்டும் என்று மனுவில் எழுதியிருந்தது. ஏற்கெனவே முப்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"நீ பார்த்தியா தம்பி?" என்று கேட்டேன்.

"அதைப் போய்ப் பார்ப்பாங்களா ஐயா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் மேல் கோபமில்லை. இதே பதிலை நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

2006ஆம் வருடம். 'டாவின்சி கோடு' படம் இந்தியாவில் வெளியான சமயம். இயேசு மகதலா மரியாளை மணந்தார், அதைத் திருச்சபை மறைத்துவிட்டது என்று சொல்லும் கதை. டான் பிரவுனின் நாவல் 2003லேயே வந்துவிட்டது. தணிக்கைக் குழு, கதை முழுக்கக் கற்பனை என்ற அறிவிப்போடு படத்தை அனுமதித்தது. ஆனாலும் பல மாநிலங்கள் தடை போட்டன. தமிழ்நாடு அரசும் தடை போட்டது. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அந்தச் சமயத்தில் எங்கள் பக்கமும் ஒரு மனு சுற்றியது. நான் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா கையெழுத்து, தேதியோடு, தெளிவாக.

மறுநாள் ஆபீசில் அடுத்த செக்‌ஷன் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்க பிரெஞ்சுல எல்லாம் படிக்கிற ஆளாச்சே. அந்த நாவலைப் படிச்சீங்களா?" அதற்கு நான் சொன்ன பதில்தான் அந்தப் பையன் சொன்ன பதில். நண்பர் சிரித்துவிட்டு, "கோப்பைப் படிக்காம நோட் போடமாட்டீங்களே சார்" என்றார்.

அது உறைத்தது. இரண்டு வாரம் கழித்து நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை ஒருவரிடம் இரவல் வாங்கிப் படித்தேன். விறுவிறுப்பான கதை. என் விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் பக்கத்திலேயே, பிரியரே த சியோன் என்ற இரகசிய சபை 1099இல் தொடங்கிய உண்மையான அமைப்பு என்று போட்டிருந்தது. தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு சங்கத்தை பியேர் பிளாந்தார் என்ற பிரெஞ்சுக்காரர் 1956இல் பதிவு செய்திருக்கிறார். பழைய வம்சாவளி என்று காட்ட வேண்டிய போலி ஆவணங்களைப் பாரீஸ் தேசிய நூலகத்திலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சு ஆய்வாளர்களும் பத்திரிகைக்காரர்களும். அதாவது, அந்தக் கதையின் பொய்யை உடைத்தவர்கள் ஆவணங்களைத் தேடிப் படித்தவர்கள். கையெழுத்துப் போட்ட எங்களால் அது உடையவில்லை.

அன்றிலிருந்து எனக்கு மொலியேர் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அவருடைய நாடகம் பாடமாக இருந்தது. 'தார்த்துய்ஃப்'. ஆங்கிலத்தில் படித்தவர்கள் டார்டஃப் என்பார்கள்.

கதை எளிது. ஓர்கோன் என்ற பணக்காரர், கோவிலில் உருகி உருகிச் செபிக்கும் ஒரு மனிதனைப் பார்த்து மயங்கி, வீட்டுக்கு அழைத்து வந்து வைத்துக்கொள்கிறார். அவன்தான் தார்த்துய்ஃப். மகளை அவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார், சொத்தையும் எழுதி வைக்கிறார். அவனோ அவர் மனைவி மேலேயே கண் வைக்கிறான். கடைசியில் மனைவி புருஷனை மேசைக்கு அடியில் ஒளியவைத்து, அவன் பேச்சை அவர் காதாலேயே கேட்கவைக்கிறாள்.

இந்த நாடகத்தின் முதல் வடிவம் 1664ஆம் வருடம் மே 12ஆம் தேதி வெர்சாயில் பதினான்காம் லூயி மன்னர் முன்னால் மேடையேறியது. வேடிக்கை என்னவென்றால், மேடையேறுவதற்கு முன்பே அதை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் இருந்தார்கள். பரிசுத்த நற்கருணைச் சங்கம் என்று ஓர் அமைப்பு. பெரிய மனிதர்கள் இரகசியமாக நடத்திய பக்திச் சங்கம். ஏழைகளுக்கும் சிறைக் கைதிகளுக்கும் நிறைய உதவி செய்தவர்கள், அதை மறுக்கக் கூடாது. ஆனால் அவர்கள் அந்த ஏப்ரலிலேயே கூடி, இந்த நாடகத்தை ஒழிக்கப் பாடுபடுவது என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

மன்னருக்கு நாடகம் பிடித்திருந்தது. ஆனாலும் பொதுமக்கள் முன் நடத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார். பியேர் ருல்லே என்ற பங்குச் சாமியார், மொலியேர் மனித உடல் எடுத்த பிசாசு, அவரைத் தீயில் போட வேண்டும் என்கிற அளவுக்கு எழுதினார். மொலியேர் மன்னருக்கு எழுதிய மனுவில் வைத்த முக்கியமான குறைகளில் ஒன்று, நாடகத்தைப் பார்க்காமலேயே அதைப் பேயின் வேலை என்கிறார்கள் என்பது. பாப்பரசரின் தூதர் கர்தினால் சிகி நாடகத்தை வாசிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டார் என்பதையும் அதே மனுவில் சேர்த்தார். ரோமாபுரியிலிருந்து வந்தவர் உட்கார்ந்து கேட்டார். பக்கத்துத் தெருச் சாமியார் கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, 1667 ஆகஸ்ட் 5ஆம் தேதி, பெயரை மாற்றி, உடையை மாற்றி, சில இடங்களை மென்மையாக்கிப் பாரீசில் நடத்திப் பார்த்தார். மன்னர் அப்போது பிளாந்தர் போர்முனையில் இருந்தார். மறுநாளே பார்லமான் நீதிமன்றத் தலைவர் லாமுவாஞ்ஞோன் நாடகத்தை நிறுத்தினார். ஆகஸ்ட் 11ஆம் தேதி பாரீஸ் பேராயர் பெரேஃபிக்ஸ் ஓர் ஆணை போட்டார். நாடகத்தை நடிக்கக் கூடாது, படிக்கக் கூடாது, படிக்கக் கேட்கவும் கூடாது. பொது இடத்திலும் கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது. மீறினால் திருச்சபையிலிருந்து விலக்கு. அன்றைக்கு விலக்கு என்றால் நல்லடக்கம் கூடக் கிடைக்காது என்று பொருள்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் மூடர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. பொய் பக்திமானும் மெய் பக்திமானும் ஒரே மாதிரிதான் முழந்தாள் போடுகிறார்கள், ஒரே செபத்தைத்தான் சொல்கிறார்கள். ஒருவனைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய கொட்டகை இன்னொருவனைப் பார்த்தும் சிரிக்காதா? இது இன்றைக்கும் கேட்கத் தகுந்த கேள்வி. ஆனால் நாடகத்தை நிறுத்தியதால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். உண்மையான பக்தருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. தார்த்துய்ஃபுகளுக்குத்தான் நிம்மதி.

1669 பிப்ரவரி 5ஆம் தேதி மன்னர் அனுமதி கொடுத்தார். முதல் நாள் வசூல் 2860 லிவ்ர். அவர்கள் குழு அதற்கு முன் பார்க்காத கூட்டம். ஐந்து வருடத் தடை இலவச விளம்பரமாகப் போயிற்று. இன்று பிரெஞ்சில் வெளிவேடக்காரனுக்குப் பெயரே தார்த்துய்ஃப்தான். அகராதியில் ஏறிவிட்டது. மொலியேர் 1673இல் இறந்தபோது பங்குச் சாமியார்கள் அடக்கம் செய்ய மறுத்தார்கள். மனைவி மன்னரிடம் போய் நின்ற பிறகு, இரவு நேரத்தில், சத்தமில்லாமல் அடக்கம் நடந்தது.

இதெல்லாம் முந்நூற்றைம்பது வருடத்துக் கதை. என் வீட்டுக் கதை ஒன்றும் உண்டு.

அப்பா இளவயதில், சம்பளம் வாங்க ஆரம்பித்த புதிதில், விக்தோர் உய்கோவின் 'லே மிசெராப்ல்' வாங்கினார். பிரெஞ்சு உச்சரிப்பில் எழுதுகிறேன், நீங்கள் விக்டர் ஹியூகோ என்று படித்திருப்பீர்கள். அந்த நாவல் 1862இல் வந்தது. 1864இல் ரோமாபுரி அதை விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலைப் பாப்பரசர் நான்காம் பவுல் 1559இல் தொடங்கி வைத்தார், கடைசிப் பதிப்பு 1948இல் வந்தது. பால்சாக், ஸ்தாந்தால், ஃப்ளோபேர், சோலா எல்லோரும் அதில் இருந்தார்கள். அப்பா பாவசங்கீர்த்தனத்தில் ஏதோ பேச்சுவாக்கில் இதைச் சொல்ல, சாமியார் அது விலக்கப்பட்ட நூல் என்று சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்கே நிறுத்திவிட்டார். புத்தகத்தைக் கிழிக்கவில்லை, விற்கவில்லை. பழுப்புத்தாள் சுற்றி அலமாரி உச்சியில் வைத்துவிட்டார்.

1965 வாக்கில் எங்கள் வகுப்பில் அந்த நாவலிலிருந்து ஒரு பகுதி பாடமாக வந்தது. சிறையிலிருந்து வந்த ழான் வல்ழான் தனக்கு இடம் கொடுத்த ஆயரின் வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்து வருகிறது. ஆயர், நான்தான் கொடுத்தேன் என்று சொல்லி, வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார். மீதிக் கதை தெரிய வேண்டும் என்று வீட்டில் புத்தகத்தைக் கேட்டேன்.

"அது பாப்பானவர் விலக்கின புஸ்தகம் தம்பி. நம்ம வீட்டுல வேண்டாம்" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. கைக்கெட்டாத உயரத்தில் அது அங்கேயே இருந்தது.

நான் ரோமேன் ரோலான் நூலகத்துக்குப் போய்ச் சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' எடுத்துப் படித்தேன். அரவிந்தர் ஆசிரமத்தில் பல ஆண்டுகள் இருந்த ஒரு யோகி, ஒரு கத்தோலிக்க ஆயரின் கருணையைத் தமிழில் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதே கதை 1950இல் நாகையா நடித்துப் படமாக வந்து ஊரெல்லாம் பார்த்ததுதான். அப்பா அதையும் பார்க்கவில்லை.

1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் காலத்தில் அந்தப் பட்டியல் சட்ட வலிமையை இழந்தது. இனிமேல் அவரவர் மனசாட்சிதான் என்றாயிற்று. அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தபோது நான் வேலையில் சேர்ந்துவிட்டேன். நானும் சொல்லவில்லை. சொன்னால் இத்தனை வருடம் கடைப்பிடித்ததைக் கேலி செய்வது போலாகும் என்று தயங்கினேன்.

அப்பா 1983இல் காலமானார். அலமாரியை ஒழிக்கும்போது அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்களில் தாள்கள் மடிப்போடு வெட்டாமல் வரும். வாங்கியவர் கத்தி வைத்து வெட்டிக்கொண்டே படிக்க வேண்டும். ஆகவே ஒருவர் எதுவரை படித்தார் என்பதைப் புத்தகமே சொல்லிவிடும். அப்பா அறுபது பக்கம் போல வெட்டியிருந்தார். அதில் ஆயரின் வரவு செலவுக் கணக்கு வரும் பக்கம் இருக்கிறது. 15,000 லிவ்ர் சம்பளத்தில் தனக்கு 1000 மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஏழைகளுக்கும் மற்ற தருமக் காரியங்களுக்கும் ஒதுக்குகிறார். அப்பாவும் குமாஸ்தா. கூட்டல் சரியா என்று பார்த்து, ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார். வெட்டாத தாள்கள் தொடங்கிய இடத்தில் ழான் வல்ழான் இன்னும் ஆயர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. மெழுகுவர்த்தித் தண்டுகள் வரை அப்பா போகவே இல்லை.

இந்த நாவலின் மிகப் பெரிய கிறிஸ்தவப் பக்கத்தை, ஒரு நல்ல கிறிஸ்தவர், கிறிஸ்தவத்துக்காகவே படிக்காமல் விட்டார். அப்பாவை நான் குறை சொல்லவில்லை. ஒருவர் தனக்கு வேண்டாம் என்று ஒரு புத்தகத்தை மூடி வைப்பது அவர் உரிமை. அவர் ஊரில் யாரையும் படிக்காதே என்று சொன்னதில்லை, மனு எழுதினதில்லை. எனக்குத்தான் மறுத்தார், நானும் வேறு வழியில் படித்துக்கொண்டேன். பேராயர் பெரேஃபிக்ஸ் செய்தது வேறு. அடுத்தவன் வீட்டுக்குள் போய் அவன் காதைப் பொத்தினார். 2006இல் நான் செய்ததும் அந்த ஜாதிதான், அளவு சிறியது, அவ்வளவே.

இன்றைக்கு என் கட்சி இது. பிடிக்காத கதையை விசுவாசி புறக்கணிக்கலாம். மற்றவரிடம் வேண்டாம் என்று சொல்லவும் செய்யலாம், ஆனால் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும். தடை கேட்பது மட்டும் கூடாது. கதையில் பொய் இருந்தால் இன்ன பக்கத்தில் இன்ன பொய் என்று காட்டுவோம். நம் பிழையைக் காட்டியிருந்தால் வெட்கப்பட்டுத் திருந்துவோம். இரண்டில் எதற்கும் முதலில் படித்தாக வேண்டும்.

அந்தப் பையனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை, காபி ஆறிவிடும். "நீ இரண்டு பாகம் பார். நானும் பார்க்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசுவோம். அப்புறம் கையெழுத்தைப் பற்றி யோசிப்போம்" என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நான் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். முதல் பாகம் சுமார்தான். அவன் பார்த்தானா என்று அடுத்த ஞாயிறு கேட்க வேண்டும்.