தட்டாமல் உடைக்கப்பட்ட கதவுகள்

அரசனின் சேவகனேயாயினும் குடிமகனின் கதவைத் தட்டி, தான் வந்த காரியத்தை அறிவித்த பின்னரே உட்புகுதல் வேண்டும் என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய விதி. 1604ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று அதனை உறுதிப்படுத்தியது. அவ்விதி அமெரிக்காவுக்கும் சென்றது. 1970இல், நிக்சன் ஆட்சியில், போதைப்பொருள் வழக்குகளுக்கென மத்திய சட்டமன்றமாகிய காங்கிரஸ் அதனைத் தளர்த்திற்று. தட்டினால் உள்ளிருப்போர் சரக்கை மலகூடத்தில் கொட்டி நீரைத் திறந்துவிடுவர் என்பதே சொல்லப்பட்ட நியாயம். ஒரு பிடி தூளைக் காப்பாற்ற மூன்றரை நூற்றாண்டு உரிமையை விலை கொடுத்தார்கள்!

1973 ஏப்ரலில் இலினோய் மாநிலத்துக் கொலின்ஸ்வில் என்னும் சிற்றூரில், மத்திய அரசின் போதைப்பொருள் அதிகாரிகள் ஒரே இரவில் இரண்டு வீடுகளை உடைத்துப் புகுந்தனர். இரண்டும் தவறான வீடுகள். எழுந்த கண்டனத்தின் பின்னர், 1974இல் காங்கிரஸ் அச்சட்டத்தை நீக்கியது. ஆனால் வழக்கம் நீங்கவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சிற்றூர்ப் பொலிசாருக்கும் இராணுவத் தளபாடங்கள் வந்து சேர்ந்தன. போர்க்களத்துக்கு உரிய படைப்பிரிவுகள் கஞ்சா தேடப் புறப்பட்டன. 2006இல் உச்ச நீதிமன்றமும், விதியை மீறிப் புகுந்து எடுத்த சான்றை அக்காரணத்துக்காக மட்டும் தள்ளவேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு நவம்பரில் அற்லாண்டா நகரில், பொலிசார் பொய்ச் சத்தியக் கடதாசி கொடுத்து ஆணை பெற்று, கத்ரின் ஜோன்ஸ்டன் என்னும் கறுப்பின மூதாட்டியின் கதவை உடைத்தனர். அவருக்கு வயது 92 என்று பத்திரிகைகள் எழுதின. கள்வரென அஞ்சிய அவர் ஒருமுறை சுட்டார். பொலிசார் 39 முறை சுட்டனர். வீட்டில் எதுவும் இல்லை. ஆகவே கஞ்சாவைத் தாமே கொண்டுபோய் வைத்தனர். மூவர் சிறை சென்றனர். 2007இல் நகரில் குடிமக்கள் மீளாய்வுச் சபை அமைந்தது.

2008 ஜூலை 29இல் மேரிலாந்து மாநிலத்துப் பேர்வின் ஹைட்ஸ் நகரில் உடைந்த கதவோ நகர முதல்வருடையது. யாரோ கடத்தல்காரர் அவர் மனைவியின் பெயருக்கு அனுப்பிய 32 இறாத்தல் கஞ்சாப் பொதியை, பொலிசாரே பொதி விநியோகிப்பவர் வேடத்தில் வாசலில் வைத்துவிட்டு, பின்னர் படையுடன் புகுந்தனர். இரண்டு நாய்கள் சுடப்பட்டன. முதல்வரும் மாமியாரும் கைகள் கட்டப்பட்டுக் கிடந்தனர். குற்றமற்றவர் எனத் தெளிந்ததும் அவர் ஓயவில்லை. 2009இல் மேரிலாந்து, இத்தகைய படைகள் எத்தனை முறை, எதற்காக அனுப்பப்பட்டன என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும்படி சட்டமியற்றியது. முதற் கணக்கின்படி அவ்வாண்டின் பிற்பாதியில் மட்டும் 804 முறை. நாளொன்றுக்கு நான்குக்கும் மேல். எண்ணாதிருந்தவரை எவருக்கும் தெரியாதிருந்த உண்மை இது. முதல்வரின் வாசலுக்கு வந்த பின்னரே எண்ணத் தோன்றியது என்பதையும் நாம் கவனித்தல் தகும். 2014இல் அச்சட்டம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று.

வேறு வழி கண்ட நகரங்களும் உண்டு. சியாட்டில் வாக்காளர் 2003இல், வளர்ந்தோர் தம் பாவனைக்கு வைத்திருக்கும் கஞ்சாவைத் தேடுவது பொலிசாரின் கடைசி வேலையாக இருக்கட்டும் என்று தீர்மானித்தனர். 2011இல் அங்கு, சிறு போதைப்பொருட் குற்றத்தில் அகப்பட்டோரைச் சிறைக்கன்றி வீட்டுவசதிக்கும் சிகிச்சைக்கும் அனுப்பும் திட்டம் தொடங்கியது.

2020 மார்ச் 13 நள்ளிரவுக்குப் பின், கென்டக்கி மாநில லூயிவில் நகரில் பிரியோனா ரெய்லர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவ அவசர சேவைப் பணியாளரான அவருக்கு வயது 26. தேடிய பொருள் அங்கு இல்லை. தட்டாமற் புகும் அனுமதியுடன் பெறப்பட்ட ஆணை அது; தட்டியே புகுந்தோம் என்றனர் பொலிசார். அவ்வாணைக்கான சத்தியக் கடதாசியைப் பொய்யாக்கச் சதிசெய்ததை 2022இல் ஒரு பொலிஸ் அதிகாரி ஒப்புக்கொண்டார். வீதிகள் நிறைந்த போராட்டத்தின் நடுவே, 2020 ஜூன் 11இல் நகரசபை ஒருமனதாக அத்தகைய ஆணைகளைத் தடைசெய்து, சட்டத்துக்குப் பிரியோனாவின் பெயரையே இட்டது. மாநில சட்டமன்றமோ 2021இல் அவற்றைக் கட்டுப்படுத்தியதேயன்றி முற்றாக ஒழிக்கவில்லை.