75 இரவுக் கணக்கு

அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் என் பர்ஸில் ஒரு பிளாட்டினம் கார்டு இருந்தது. பேங்க் கார்டு இல்லை. ஒரு ஹோட்டல் கம்பெனி கொடுத்த அங்கத்தினர் கார்டு. வருஷத்துக்கு 75 இரவு அவர்களிடம் தங்கினால் கிடைக்கும். அதைக் காட்டினால் பெரிய அறை, இலவசக் காலைச் சிற்றுண்டி, சாயங்காலம் 4 மணிக்கு அறையைக் காலி செய்யும் சலுகை எல்லாம் உண்டு. லவுஞ்சில் எப்போதும் பழமும் கப் தயிரும் இருக்கும். என்னைப் போன்ற சைவக்காரனுக்கு அதுவே ராஜ உபசாரம்.

இந்தக் கார்டுகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதற்கு முன்னோடி விமானக் கம்பெனிகள்தான். 1978 வரை அமெரிக்காவில் விமானக் கட்டணம் அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்த வருஷம் சட்டம் போட்டு அதைத் தளர்த்தினார்கள். உடனே போட்டி முற்றியது. அடிக்கடி பறக்கிற பயணியைப் பிடித்து வைத்துக்கொள்ள 1981 மே 1ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் கணக்குத் திட்டத்தை ஆரம்பித்தது. சில நாட்களிலேயே யுனைடெட்டும் ஆரம்பித்துவிட்டது. 1983இல் ஹாலிடே இன், மேரியட் இரண்டும் இதை ஹோட்டலுக்குக் கொண்டுவந்தன. 1987இல் ஹில்டனும் ஹயாத்தும் சேர்ந்துகொண்டன.

நம் ஊர் மளிகைக் கடை அண்ணாச்சி, சாமான் வாங்க வரும் பையன் கையில் ஒரு கடலை மிட்டாய் வைப்பாரே, அதே சூட்சுமம்தான். காசு அப்பாவுடையது, மிட்டாய் பையனுக்கு. அடுத்த தடவை பையன் வேறு கடைக்குப் போவானா? ஹோட்டலிலும் பில் கட்டுவது கம்பெனி, பாயிண்ட் சேருவது ஊழியர் பேரில். பக்கத்து ஹோட்டலில் பத்து டாலர் குறைவு என்றாலும் ஊழியர் அங்கே போகமாட்டார். ஹோட்டலுக்கும் நஷ்டமில்லை. இன்றைக்கு விற்காத அறையை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. காலியாகக் கிடக்கும் அறையை இனாமாகக் கொடுப்பதில் பெரிய செலவு என்ன?

பாயிண்டாவது சேர்த்து வைக்கலாம். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்ற படிகள் அப்படி இல்லை. ஜனவரி பிறந்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். ஏறின படியில் நிற்கவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதனால் டிசம்பரில் இரண்டு இரவு, மூன்று இரவு குறைகிறவர்கள் சொந்தக் காசில், வேலை எதுவும் இல்லாமல், மலிவான அறை எடுத்துக் கணக்கை நிரப்புவார்கள். அமெரிக்காவில் இதற்கு ‘மேட்ரஸ் ரன்’ என்றே பெயர் உண்டு.

நானும் செய்திருக்கிறேன். 2008ஆம் வருஷம் பணமந்தம். பிரயாணத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டது கம்பெனி. டிசம்பரில் என் கணக்கு 73 இரவு. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து ஆறு மைலில் இருந்த ஹோட்டலில் இரண்டு இரவுக்கு அறை போட்டேன். சாவியை வாங்கிக்கொண்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று திட்டம். முதல் நாள் அப்படியே நடந்தது. இரண்டாம் நாள் போய்ச் சேருவதற்குள் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. காரை எடுக்க முடியவில்லை. ஒன்பது வயதுப் பெண் போன் செய்தாள்.

"அப்பா, இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க?"

"இங்கதாம்மா, பக்கத்துலதான்."

"அப்புறம் ஏன் வீட்டுக்கு வரல?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு அவர்கள் கொடுத்தது இரண்டு அறை கொண்ட சூட். ஒரு அறையில் விளக்குகூடப் போடாமல் படுத்தேன். கணக்கு 75 ஆனது. மனைவி அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் உறுத்துகிறது.

பிறகு காலம் மாறிவிட்டது. 2016இல் மேரியட், ஸ்டார்வுட் கம்பெனியை வாங்கி, 2019இல் எல்லாவற்றையும் ‘பான்வாய்’ என்ற ஒரே பெயரில் கொண்டுவந்தது. அதில் 50 இரவுக்கு பிளாட்டினம், 75க்கு டைட்டானியம் என்று வைத்தார்கள். 2020இல் கொரோனா வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது, பெரிய கம்பெனிகள் அங்கத்தினர்களின் படியை ஒரு வருஷம் நீட்டித்தன. ஹில்டனின் ஒரு கிரெடிட் கார்டு வைத்திருந்தால், ஒரு நாள்கூடப் படுக்காமலேயே டைமண்ட் அங்கத்தினர் ஆகலாம்! இது தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தோன்றியது.

ஓய்வு பெற்று ஊர் திரும்பினேன். அடுத்தடுத்த வருஷங்களில் என் பிளாட்டினம் கோல்டாகி, சில்வராகி, கடைசியில் வெறும் ‘மெம்பர்’ ஆனது. அவர்களைக் குறை சொல்லவில்லை, விதி அதுதான்.

மேரியட்டில் 600 இரவும் பத்து வருஷம் பிளாட்டினமும் சேர்ந்தால் ஆயுள் முழுவதற்கும் பிளாட்டினம் தருவார்கள். அதைப் படித்ததும், பழைய டைரிகளை எடுத்து என் இரவுகளைக் கூட்டினேன். எட்டு வருஷத்தில் 740. இரண்டு முழு வருஷத்துக்கும் மேல் நான் வீட்டில் படுக்கவில்லை. பெண் வளர்ந்த வயது அது. போன தீபாவளிக்கு அவள் வந்திருந்தபோது இந்தக் கணக்கைச் சொன்னேன். "எனக்குத் தெரியும்ப்பா, நானும் எண்ணிட்டுத்தானே இருந்தேன்" என்றாள்.