அடுத்த வகுப்புக்குப் போன பேச்சு

2007 ஜனவரி. ஜெர்மனியின் பவேரியா மாநிலம், ஸ்டார்ன்பெர்க். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் பருவநிலை மாற்றம் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியனுப்பினார். பையன் பெயர் பெலிக்ஸ் ஃபிங்க்பைனர், வயது 9. அவனுக்குப் பிடித்த விலங்கு பனிக்கரடி. கரடியைக் காப்பாற்றும் எண்ணத்தில் படிக்க உட்கார்ந்தவனுக்கு, ஆபத்து கரடியோடு நிற்கவில்லை, மனிதருக்கும்தான் என்பது புரிந்தது. தேடிக்கொண்டே போனதில் கென்யாவின் வங்காரி மாத்தாய் அகப்பட்டார்.

மாத்தாயைக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். 1977 ஜூன் 5 அன்று நைரோபியின் கமுகுஞ்சி பூங்காவில் 7 மரக்கன்றுகளை நட்டுத் தொடங்கியது அவருடைய கிரீன் பெல்ட் இயக்கம். நாற்று வளர்த்தவர்கள் கிராமத்துப் பெண்கள். வனவியல் படித்தவர்கள் யாரும் இல்லை. ஒருத்தி கற்றதை அடுத்த ஊர்க்காரிக்குக் கற்றுக்கொடுத்தாள். கன்றுக்கு இவ்வளவு என்று சிறு தொகையும் உண்டு. ஆனால் நட்ட கையோடு காசு கிடைக்காது, கன்று பிழைத்தால்தான். 30 ஆண்டுகளில் 3 கோடி மரங்கள் என்று கணக்குச் சொன்னார்கள். 2004இல் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு வந்தது.

ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளும் 10 லட்சம் மரம் நடலாமே என்று சொல்லிப் பெலிக்ஸ் பேச்சை முடித்தான். கைதட்டலோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். வகுப்பறைப் பேச்சுகளின் ஆயுள் பொதுவாக அவ்வளவுதான். பள்ளி அப்படி விடவில்லை. அதே பேச்சை மற்ற வகுப்புகளிலும் பேச வைத்தது. பிறகு பக்கத்துப் பள்ளிகளுக்கும் அனுப்பியது. இயக்கம் பிறந்த இடம் எது என்று கேட்டால், யோசனை உதித்த இடத்தை விட்டுவிட்டு இந்த இடத்தைத்தான் நான் காட்டுவேன். மரம் நடும் யோசனை மாத்தாயுடையது. ஒரு பிள்ளை போய் மற்றப் பிள்ளைகளிடம் சொல்வது, இங்கே தொடங்கியது.

மார்ச் 28 அன்று பள்ளியில் முதல் மரம் நட்டார்கள். காட்டு ஆப்பிள் வகையைச் சேர்ந்த சோனிக் கன்று. இத்தனை பேர் படம் எடுப்பார்கள் என்று தெரிந்திருந்தால் கம்பீரமான மரமாகப் பார்த்து வாங்கியிருப்பேனே என்று அவன் அம்மா பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வாராம். ‘பிளான்ட் ஃபார் தி பிளானட்’ என்று இயக்கத்துக்குப் பெயர் வந்தது. 2010க்குள் ஜெர்மனியில் மட்டும் 10 லட்சம் மரம் என்றார்கள்.

பெலிக்ஸ் ஒருவனே ஊர் ஊராகப் போக முடியாதல்லவா? அதற்கு வந்ததுதான் ‘அகாடமி’. பெயர்தான் பெரிது, நடப்பது ஒரே நாள். முக்கியமாக 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு, முன்பே பயிற்சி பெற்ற பிள்ளைகள் பாடம் எடுப்பார்கள். அதில் எனக்குப் பிடித்தது உலக விளையாட்டு. உலக வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்து, எந்தக் கண்டத்தில் எத்தனை மக்கள், எவ்வளவு பணம், எவ்வளவு கரியமில வாயு என்று பிள்ளைகளே காய்களைப் பங்கு வைப்பார்கள். பிறகு உண்மைக் கணக்கு வரும். உலக மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஆப்பிரிக்காவில். கரியமில வாயுவில் அதன் பங்கு 4 சதவீதம்கூட இல்லை. “இது நியாயமா?” என்ற கேள்வி அங்கே தானாக எழும். மேடையில் பேசப் பழக்குவார்கள். குழி தோண்டிக் கன்று நடவும் வைப்பார்கள். மாலையில் ஒவ்வொரு பிள்ளையும் ‘பருவநிலை நீதித் தூதர்’. இனி அவர்கள் முறை. 70க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இது பரவியிருக்கிறது.

2011 பிப்ரவரியில் ஐ.நா. பொதுச் சபை மண்டபத்தில் பெலிக்ஸ் பேசினான். அப்போது வயது 13. அதே ஆண்டு டிசம்பரில், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு தன் நூறு கோடி மரத் திட்டத்தையே இந்தப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தது.

எல்லாம் மணக்கவில்லை. சொல்லப்பட்ட மர எண்ணிக்கையையும் மெக்சிகோவில் இயக்கம் நட்டவற்றையும் பற்றி 2020 டிசம்பரில் ‘டீ ட்சைட்’ என்ற ஜெர்மன் வார இதழ் கடுமையான கேள்விகளை எழுப்பியது. இயக்கம் பதில் சொன்னது. சர்ச்சை ஓய நாளானது. நட்ட கன்று எங்கே, என்ன இனம் என்று பதியும் செயலியும் அவர்களிடம் இப்போது இருக்கிறது. பிழைத்த கன்றுக்கே காசு என்ற கென்யப் பெண்களின் விதியைத் தொடக்கத்திலேயே கடன் வாங்கியிருக்கலாம்.

ஆனால் அகாடமியில் நடப்பதற்கு இந்தக் கணக்கு வழக்கு தேவையில்லை, செலவும் அதிகமில்லை. ஆகவே ஆசிரியராக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை மரத்தைப் பற்றியோ குப்பையைப் பற்றியோ நன்றாகப் பேசினால், கைதட்டி உட்காரச் சொல்லிவிடாதீர்கள். மறுநாளே கீழ் வகுப்புக்கு அனுப்பிவையுங்கள். கையில் ஒரு கன்றும் மண்வெட்டியும் கொடுத்து.