இருபத்து நாலு வயசில் சரளி வரிசை

ஹவுராவில் நம்மூர்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் கவலை இது. "பொண்ணுக்குப் பன்னிரண்டு முடிஞ்சாச்சு சார். மூணு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர், ஊருக்கு ஒரு வாத்தியார். இனிமே எங்கே பாட்டு, எங்கே பியானோ?" வங்கிக்காரர்களுக்கும் ரயில்வேக்காரர்களுக்கும் பழகிப்போன புலம்பல்தான். இந்தப் பதிவு அவர்களுக்காக.

இக்னாசி யான் பாதரெவ்ஸ்கி, 1860ல் பிறந்த போலந்துக்காரர். அப்போது போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து 1795ல் அதைப் பங்கு போட்டு முடித்துவிட்டன. இவர் பிறந்த சில மாதங்களில் அம்மா இறந்துபோனார்.

1872ல், நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே பன்னிரண்டு வயசில், வார்சா இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பியானோவில் அவரிடம் பெரிய நம்பிக்கை வைத்தவர்கள் குறைவு. ட்ராம்போன் கூட ஊத வைத்தார்கள்! ஆனாலும் படிப்பை முடித்து, 1878ல் அங்கேயே ஆசிரியரானார். 1880ல் கல்யாணம். அதே வருஷம் மகன் பிறந்தான், மனைவி போய்ச் சேர்ந்தார். கையில் நோயாளிக் குழந்தை, வருமானம் டியூஷன்.

இதற்கு நடுவில் பெர்லினுக்குப் போய் இசையமைப்பு படித்தார். 1884ல் ஹெலெனா மொட்ஜெஸ்கா என்ற பிரபல நாடக நடிகை இவர் வாசிப்பைக் கேட்டார். க்ராக்கோ நகரில் இவருடைய கச்சேரிக்குத் தானும் மேடையேறி, கூட்டம் சேர்த்து, வியன்னா போகக் காசு திரட்டிக் கொடுத்தார். வியன்னாவில் லெஷடிட்ஸ்கி என்ற பெரிய குரு. அவர் சொன்னது - ரொம்ப லேட்டாக வந்திருக்கிறாய். சொல்லிவிட்டு, இருபத்து நாலு வயசு வாத்தியாரை உட்காரவைத்து விரல் பயிற்சியிலிருந்து ஆரம்பித்தார். நம் கணக்கில் சரளி வரிசை. நடுவில் காசு தீர்ந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு வருஷம் பாடம் நடத்திச் சம்பாதித்துக்கொண்டு மறுபடி குருவிடம் வந்தார்.

1887ல் வியன்னா மேடை. 1888ல் பாரிஸ், 1890ல் லண்டன், 1891ல் நியூயார்க்கின் கார்னெகி ஹால். முதல் அமெரிக்கப் பயணத்திலேயே நூறு கச்சேரிக்கு மேல். வங்கிக்காரன் புத்தி, கணக்குப் பார்த்தேன். வார்சாவில் சேர்ந்ததிலிருந்து பாரிஸ் வரை 16 வருஷம்! தாமதமாக விரலைத் திருத்தியதன் தழும்பு இருக்கத்தான் செய்தது. வாசிப்பு சுத்தமில்லை என்று குறை சொன்ன சக கலைஞர்கள் கடைசிவரை இருந்தார்கள். கேட்க வந்த கூட்டமும் குறையவில்லை.

சம்பாதித்த காசு எங்கே போனது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1910ல் க்ராக்கோவில் க்ருன்வால்ட் போர் வெற்றியின் 500வது ஆண்டுக்குப் பிரம்மாண்டமான நினைவுச்சின்னம் இவர் செலவில் எழுந்தது. 1915ல் அமெரிக்கா போய், அங்கே பிழைக்கப் போயிருந்த லட்சக்கணக்கான போலந்துக்காரர்களைத் திரட்டி, போரில் அடிபட்ட ஊருக்கு நிதி சேர்த்தார். ஊர் ஊராகப் பேச்சு, பேச்சு முடிந்ததும் ஷோபான். (இதே 1915ல்தான் பிலிப் சாந்த்ரே கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக்கைத் தொடங்கினார்.) போலந்துக்கு விடுதலை வேண்டும் என்று அமெரிக்க அதிபர் வில்சன் 1918ல் அறிவித்ததில் இவர் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1919ல் சுதந்திர போலந்தின் பிரதமராகி, வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷமே பதவியை விட்டார். 1922ல் மறுபடி கார்னெகி ஹால், அறுபது தாண்டிய வயசில்!

1941ல் நியூயார்க்கில் காலமானார். அப்போது போலந்து ஹிட்லர் கையில். அமெரிக்காவிலேயே அடக்கம் செய்தார்கள். 1992ல்தான் உடல் வார்சாவுக்குத் திரும்பியது.

எல்லாப் பிள்ளையும் பாதரெவ்ஸ்கி ஆகப்போவதில்லை. ஆனால் மாற்றலையும் வயசையும் காரணம் காட்டி வீணையையோ கீபோர்டையோ பரணில் ஏற்றியிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கித் துடைத்து வையுங்கள். வாத்தியார் வேண்டுமென்றால் எழுதுங்கள். ஹவுராப் பக்கமும் பாலிகஞ்ச் பக்கமும் விசாரித்துச் சொல்கிறேன்.