ஓயாத வினாக்களின் சரித்திரம்

கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்னும் ஊரில் ஜெராக்ஸ் நிறுவனம் நடத்திவந்த ஆராய்ச்சிசாலையில், மின்னஞ்சல் என்பது உலகத்தார் அனைவருக்கும் உரிய தொல்லையாக வளர்ந்துவிடாமல் விஞ்ஞானிகள் சிலருடைய தொல்லையாக மட்டும் இருந்த 1990-களின் தொடக்கத்தில், டக்ளஸ் டெர்ரி, டேவிட் கோல்ட்பர்க், டேவிட் நிக்கல்ஸ், பிரையன் ஓகி ஆகிய நால்வர் டேபஸ்ட்ரி என்றோர் அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நாள்தோறும் வந்து குவியும் கடிதங்களிலும் செய்திக் குழுக்களின் குறிப்புகளிலும் அவரவர்க்கு வேண்டியதை மட்டும் பொறுக்கித் தருவது டேபஸ்ட்ரியின் உத்தியோகம். 1992-ஆம் ஆண்டில் வெளியான அந்தக் கட்டுரை, தரவுத்தளத்தை ஒருமுறை கேட்டு, விடை பெற்று, விலகிப்போகும் வினவலுக்குப் பதிலாக, ஒருமுறை பதிந்து வைத்துவிட்டால் எந்நாளும் விழித்திருந்து, புதிய தரவு சேரும்தோறும் தானாகவே விடை சொல்லிக்கொண்டிருக்கும் வினவலை முன்வைத்தது. தொடர் வினவல் என்று நாம் அதைச் சொல்லலாம்.

சாதாரண வினவலின் சுபாவம் வேறு. ஒரு கணக்கில் மீதி எவ்வளவு என்று நிரல் தரவுத்தளத்தைக் கேட்கிறது. விடை வரும்வரை அசையாமல் நிற்கிறது. வந்ததும் மேலே செல்கிறது. சிங்க்ரனஸ் என்று நிரலாளர்கள் சொல்லும் இந்த முறையில், ஒரு வரி முடிந்த பின்னரே மறு வரி என்ற ஒழுங்கில் காரியங்கள் நடப்பதால், எழுதுவதும் எளிது, பிழை நேர்ந்தால் அது நேர்ந்த இடத்தை விரல் வைத்துக் காட்டுவதும் எளிது. ஆனால் முடிவே இல்லாத வினவலின் முன், முடியும்வரை நில் என்று ஒரு நிரலை நிறுத்தினால் அது எந்த யுகத்தில் நகரும்? ஆகவே, நிற்பது யார், எவ்விடத்தில், எவ்வளவு நேரம் என்ற விசாரம், பிரவாகமாக வரும் தரவைக் கையாளும் அமைப்புகளுக்கு ஏபிஐ என்னும் நிரல் இடைமுகத்தை வகுத்தவர்கள் எல்லாரையும் பற்றிக்கொண்டது. அவர்கள் வெவ்வேறு காலத்தில் சொன்ன விடைகள், அந்தந்தக் காலத்தில் எது விலையுயர்ந்ததாக இருந்ததோ அதைக் காப்பாற்றும் விடைகளாகவே அமைந்தன என்பது என் அபிப்பிராயம்.

1950-களில் விலையுயர்ந்தது யந்திரம். அதனால் அது ஒரு க்ஷணமும் சும்மா இருக்கலாகாது என்று, துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு மனிதன் மறுநாள்வரை காத்திருந்தான். 1961-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர், ஒரே யந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பங்கிட்டுக்கொள்ளும் முறையைச் செய்து காட்டிய பிறகு மனிதனுடைய நேரத்துக்கும் சிறிது மதிப்பு உண்டாயிற்று. நம் விஷயத்துக்கு நேரான முன்னோடி அதற்கு அப்பால், நியூஜெர்சியில் இருந்த பெல் ஆராய்ச்சிசாலையில் பிறந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை மறு நிரலின் உள்ளீட்டோடு நேரே இணைத்துவிட வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964-லேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். யூனிக்ஸ் இயங்குதளத்தில் கென் தாம்ஸன் அதை நிறைவேற்றியதோ 1973-இல். பைப் என்று பெயர்பெற்ற அந்த இணைப்பின் நடுவே, ஆரம்பகால யூனிக்ஸில், 4096 பைட் அளவே கொள்ளும் ஒரு தேக்கம் இருந்தது. தேக்கம் நிரம்பினால் எழுதும் நிரல் உறங்கிவிடும். காலியானால் படிக்கும் நிரல் உறங்கிவிடும். எழுதியவனுக்கோ படிப்பவனுக்கோ இந்த உறக்கத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவேண்டிய அவசியம் இல்லை. தலைமடையைத் திறந்துவிட்டவன் கடைமடை வயல் எவ்வளவு தாங்கும் என்பதை அறியாமல் போனால் வரப்பு உடையும் என்பது உழவர்கள் அறிந்த சங்கதி. பைப்பில் கடைமடையின் செய்தி தலைமடைக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. பின்னால் வந்த எத்தனையோ அமைப்புகள் பெரும் பிரயாசைப்பட்டுத் திரும்பப் பெற நேர்ந்த குணம் இது.

ஒரே யந்திரத்துக்குள் நிகழ்ந்தவரை காத்திருத்தல் மலிவாக இருந்தது. வலைப்பின்னலின் வழியே தூரத்து யந்திரம் ஒன்றைக் கேட்கத் தொடங்கியபோது விலை ஏறிற்று. அதே பாலோ ஆல்டோ ஆராய்ச்சிசாலையில் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் 1984-இல் வெளியிட்ட தொலைச்செயல் அழைப்பு முறை, தூரத்து யந்திரத்தை அழைப்பதும் பக்கத்துச் செயற்கூற்றை அழைப்பதும் நிரலாளன் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றவேண்டும் என்ற ஆசையால் எழுந்தது. அழைத்த நிரல் விடை வரும்வரை நின்றது. அழகான ஆசைதான். எனினும் தூரம் என்பது மறைத்தால் மறையும் பொருளன்று. ஆயிரம் சிறு அழைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பவேண்டிய நிரல், போகவர ஆகும் காலத்தை ஆயிரம் தரம் செலுத்தியது. இதற்குப் பரிகாரமாக, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் 1988-இல் பிராமிஸ் என்னும் கருவியைக் கொண்டுவந்தார்கள். பேக்கர், ஹெவிட் என்ற இருவர் 1977-இல் ஃபியூச்சர் என்று எழுதியிருந்ததன் வாரிசு அது. அழைப்பு விடுத்த உடனே கைக்கு வருவது விடையன்று, பிற்பாடு விடை வந்து அமர்வதற்குரிய இடம். அதை வைத்துக்கொண்டு நிரல் அடுத்த அழைப்பை விடுக்கலாம், விடை மெய்யாகவே தேவைப்படும் தருணத்தில் மட்டும் நின்று கேட்கலாம். அழைப்புகள் விடுக்கப்பட்ட வரிசையிலேயே மறுமுனையில் நடைபெறும் என்ற உறுதியையும் அவர்கள் சேர்த்துவைத்தார்கள். வரிசை கெடாமல் வேகம் பெறலாம் என்ற அந்த நிதானத்தைப் பிற்காலத்தவர் பலர் மறந்தார்கள்.

தொடர் வினவலில் சிக்கல் இன்னும் ஒரு படி ஆழமானது என்பதை டேபஸ்ட்ரி செய்தவர்கள் கண்டுகொண்டார்கள். பதிந்துவைத்த வினவலை அமைப்பு தன் சௌகரியப்படி, மணிக்கு ஒருமுறையோ நாளுக்கு ஒருமுறையோ, பின்னணியில் ஓட்டுகிறது. கேட்டவன் நிற்பதில்லை, விடை அவனைத் தேடி வருகிறது. நல்லது. ஆனால், பதில் எழுதப்படாத கடிதங்களை எல்லாம் காட்டு என்று ஒருவன் கேட்டிருந்தால்? வந்து சேரும் கணத்தில் எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை. அடிக்கடி ஓட்டினால் எல்லாக் கடிதமும் விடையாகிவிடும், அரிதாக ஓட்டினால் சிலவே விடையாகும். எந்த வேளையில் ஓட்டினோம் என்ற தற்செயல், விடையையே மாற்றிவிடுகிறது. இரண்டு வார காலம் பதிலின்றிக் கிடந்தவை என்று கேட்டால் இந்தக் குழப்பம் நீங்குகிறது. ஆகவே, ஒவ்வொரு கணத்திலும் வினவலை ஓட்டியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விடைகளின் தொகுதி எதுவோ அதுவே தொடர் வினவலின் விடை என்று வரையறுத்து, அந்த விடையைக் கணத்துக்குக் கணம் ஓட்டாமலேயே அடையும்படி வினவலை மாற்றி எழுதும் வழியையும் சொன்னார்கள். காத்திராத முறையை அமைப்பவன் முதலில் அர்த்தத்தைக் காலத்திலிருந்து பிரித்துக் காப்பாற்றவேண்டும் என்று இவ்வளவு தெளிவாகக் கண்டவர்கள் அதற்கு முன் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்ட்ரீம், பெர்க்லியில் டெலிகிராஃப்சிக்யூ, பிராண்டைஸ், பிரவுன், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் மூன்றும் கூடிச் செய்த அரோரா என்று பல்கலைக்கழக முயற்சிகள் பெருகின. அவற்றின் கதை தனியே எழுதத்தக்கது. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தோன்றி, 2011-இல் கட்டுரை வடிவம் பெற்ற சித்தி என்னும் இயந்திரத்தை மட்டும் இங்கே நின்று பார்க்கவேண்டும். சித்தியில் சம்பவம் ஒன்றை உள்ளே அனுப்பும் த்ரெட், அதாவது நிரலுக்குள் தனித்து ஓடும் இழை, எதுவோ, அதுவே வினவல்களின் வழியே இறுதிவரை நடந்து விடையையும் ஒப்படைத்துத் திரும்புகிறது; இயல்பான ஏற்பாடு அதுதான். அனுப்பியவன் நிற்கவேண்டாம் என்று விரும்பினால் அந்தப் பிரவாகத்தின் தலைப்பில் அசிங்க் என்று ஒரு குறிப்பு எழுதவேண்டும். உடனே நடுவில் வட்டமான தேக்கம் ஒன்று அமைந்து, வேறு த்ரெட்டுகள் அங்கிருந்து எடுத்து வேலை செய்கின்றன. இந்த வட்டத் தேக்கம் லண்டனைச் சேர்ந்த எல்மாக்ஸ் என்னும் பரிவர்த்தனைச் சந்தையின் பொறியாளர்கள் 2011-இல் வெளியிட்ட டிஸ்ரப்டர் என்ற சாதனம். எடுக்கும் த்ரெட் ஒன்றாக இருக்கும்வரை சம்பவங்கள் வந்த வரிசை நிலைக்கும். பலவானால் வேகம் கூடும், வரிசைக்கு உத்தரவாதம் போகும். எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்பதை எழுதுகிறவன் ஒவ்வொரு பிரவாகத்துக்கும் தனித்தனியே தீர்மானிக்கும்படி விட்டது விவேகமான காரியம்.

இதே காலத்தில் லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஜே கிரெப்ஸ், நேஹா நார்கடே, ஜுன் ராவ் முதலியோர் படைத்து 2011-இல் உலகுக்கு வழங்கிய காஃப்கா என்னும் செய்தி கடத்தும் அமைப்பு, வேறு பாதையில் சென்று நமக்குச் சுவையான பாடம் ஒன்றை விட்டுச்சென்றது. அதன் பழைய அனுப்புனர் நிரலில், சிங்க்ரனஸ், காத்திராத முறையான அசிங்க்ரனஸ் என்ற இரண்டில் ஒன்றை அமைப்புக் கோப்பில் எழுதித் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது, எழுதாவிட்டால் சிங்க்ரனஸ். மற்றதைத் தேர்ந்தால் 10,000 செய்திகள் கொள்ளும் வரிசை ஒன்று நடுவே வரும். அது நிரம்பியபின் என்ன ஆகவேண்டும் என்பது வேறோர் எண்ணில் இருந்தது: அங்கே பூஜ்யம் என்றால் மேற்கொண்டு வரும் செய்தி கைவிடப்படும், மைனஸ் ஒன்று என்றால் அனுப்புகிறவன் இடம் கிடைக்கும்வரை நிற்பான். நிரலின் ஒரே வரி, கோப்பிலுள்ள ஓர் எழுத்தைப் பொறுத்து, ஒருநாள் உறுதிமொழியாகவும் மறுநாள் வெறும் விருப்பமாகவும் பொருள்படுவது எவ்வளவு அபாயம்! 2015-இல் வெளிவந்த 0.8.2 பதிப்பில் புதிய அனுப்புனர் இந்த இரட்டைத்தன்மையைக் களைந்தது. அதில் அனுப்புதல் என்றும் அசிங்க்ரனஸ்தான். கைக்கு வருவது ஒரு ஃபியூச்சர். நிற்க விரும்புகிறவன் அதன்மேல் கெட் என்று அழைத்து நின்றுகொள்ளலாம். காத்திராத முறையின் மேல் காத்திருக்கும் முறையை ஒரு வரியில் கட்டிவிடலாம், தலைகீழாகக் கட்டவேண்டுமானால் அழைப்புக்கு ஒரு த்ரெட் செலவாகும் என்ற உண்மையே அந்த வடிவத்தின் ஆதாரம். ஸ்பார்க் என்னும் தரவு அமைப்பின் புதிய பிரவாகப் பகுதி 2016-இல் இந்த வழியையே பின்பற்றி, வினவலைத் தொடங்கியதும் ஒரு கைப்பிடியைத் தந்து உடனே திரும்பியது. நெடுநாள் நின்று பழகிய ஃபிளிங்க் என்னும் பிரவாக அமைப்பு, 2020-இல் எக்ஸிக்யூட் என்பதன் பக்கத்தில் எக்ஸிக்யூட் அசிங்க் என்று இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டது.

காஃப்காவின் மேல் எழுப்பப்பட்டு, கேஎஸ்க்யூஎல்டிபி என்று 2019-இல் புதுப்பெயர் சூடிய தரவுத்தளம், ஓயும் வினவல், ஓயாத வினவல் இரண்டையும் ஒரே மொழியில் ஏற்றது. அதற்கென்று எழுதப்பட்ட ஜாவா நூலகத்தில் விடைகளை முழுவதும் திரட்டி ஒரே கட்டாகத் தரும் வாசல் ஒன்று, வரி வரியாகத் தரும் வாசல் ஒன்று. முதலாவது, முடிவுள்ள வினவலுக்கே பொருந்தும் என்பது சொல்லாமலே விளங்கும். இரண்டாவது வாசலில் நுழைந்தவன், தானே போய் அடுத்த வரியைக் கேட்டு அது வரும்வரை நிற்கலாம். அல்லது சந்தாதாரன் ஒருவனைப் பதிந்துவிட்டு வரிகள் அவனிடம் வருமாறு செய்யலாம். ஒரே விடைத்தொகுதியில் இரண்டையும் கலக்க இயலாது. தடை கடுமையாகத் தோன்றினும், ஒரே வரியை இருவர் பங்கிட்டு, யாருக்கு எது சென்றது என்று பின்னர் தேடும் அவஸ்தையை எண்ணினால் அது தக்க கண்டிப்பே.

2023 செப்டம்பரில் ஜாவாவின் 21-ஆம் பதிப்பு, லட்சக்கணக்கில் உண்டாக்கினாலும் பளு சேர்க்காத மெய்நிகர் த்ரெட்டுகளைக் கொண்டுவந்தது. த்ரெட் விலையுயர்ந்தது என்ற காரணத்துக்காக, விடை வந்ததும் இதைச் செய், அது வந்ததும் அதைச் செய் என்று துண்டு துண்டாக எழுதிப் பழகியவர்கள், மறுபடியும் வரிக்கு வரி நின்று செல்லும் பழைய நடையில் எழுதத் தலைப்பட்டிருக்கிறார்கள். படிப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் திருப்தியே. ஆனால் மேலே கண்ட சந்தாதாரனுடைய கடமை மட்டும் குறையவில்லை. ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் என்று 2015-இல் வகுக்கப்பட்டு, பிறகு ஜாவாவிலேயே இடம்பெற்ற விதிப்படி, தன்னால் இன்னும் எத்தனை வரிகளை ஏற்க முடியும் என்ற எண்ணை அவன் வாய்திறந்து சொன்னாலன்றி ஒரு வரியும் அவனுக்கு அனுப்பப்படுவதில்லை.