எம்-சாண்ட் வாங்குறீங்களா? லாரியில் வந்தது மணலா, கிரஷர் டஸ்ட்டா... கண்டுபிடிப்பது எப்படி?

வீடு கட்டும் இடத்தில் லாரி வந்து நிற்கிறது. பில்லில் 'எம்-சாண்ட்' என்று இருக்கிறது. கொட்டிய குவியலும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையிலேயே எம்-சாண்ட்தானா, இல்லை கல்குவாரியில் மிச்சமாகும் கிரஷர் டஸ்ட்டா? பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் தெரிய வருவது தளம் போட்ட பிறகு, சுவரில் விரிசல் விழும்போது. அப்போது திருத்த முடியாது.

ஆற்று மணல் ஏன் வேண்டாம்?

ஆற்று மணல் வெறும் கட்டுமானப் பொருள் அல்ல. மழைநீரைப் பிடித்து வைத்து நிலத்துக்குள் இறக்கும் பஞ்சு மாதிரி அது. அளவுக்கு மீறி அள்ளும்போது ஆற்றுப் படுகை தாழ்கிறது, கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்குகிறது, பாலத் தூண்களின் அடிப்பகுதி வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. இதனால்தான் பாறையை உடைத்துத் தயாரிக்கும் எம்-சாண்ட் பக்கம் கட்டுமானத் துறை திரும்பியது. இதற்கென தமிழ்நாடு அரசு 2023-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

எம்-சாண்ட் எப்படித் தயாராகிறது?

பாறை முதலில் ஜா கிரஷரில் உடைபடும். அடுத்து கோன் கிரஷரில் சிறு ஜல்லியாகும். மூன்றாவதாக வி.எஸ்.ஐ எனப்படும் இயந்திரத்தில் கல்லோடு கல் மோதி, கூர்முனைகள் மழுங்கி, ஓரளவு கனசதுர வடிவம் கிடைக்கும். பிறகு சல்லடையில் சலித்து, தண்ணீரில் கழுவி, அதிகப்படியான தூளை நீக்குவார்கள். கான்கிரீட்டுக்கான எம்-சாண்ட் 4.75 மி.மீ முதல் 150 மைக்ரான் வரையிலான துகள்களைக் கொண்டது. பூச்சு வேலைக்கான பி-சாண்ட் இன்னும் மெல்லியது.

கிரஷர் டஸ்ட் இந்தக் கடைசிக் கட்டங்களைத் தாண்டி வருவதில்லை. ஜல்லி உடைக்கும்போது கீழே விழும் மிச்சம் அது. துகள்கள் தட்டையாக, செதில் செதிலாக இருக்கும். மாவு போன்ற தூளும் அதிகம்.

தூள் அதிகமானால் என்ன ஆகும்?

தூள் தண்ணீரை இழுக்கும். கலவை இறுகிப்போய் வேலைக்கு வராது. உடனே மேஸ்திரி, "இன்னும் ரெண்டு குடம் ஊத்துப்பா" என்பார். சிக்கலே அங்கேதான்.

ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. அதற்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.5. கூடுதலாக 5 லிட்டர் ஊற்றினால் 0.6 ஆகிவிடும். சாதாரணச் சூழலில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கே ஐ.எஸ் 456 அனுமதிக்கும் உச்சம் 0.55தான். கூடுதல் தண்ணீர் ஆவியானதும் உள்ளே நுண்துளைகள் மிஞ்சும். வலிமை குறையும், சுருக்க விரிசல் வரும், கம்பிக்கு ஈரம் போய் துரு பிடிக்கும்.

கலவை ஓடவில்லை என்றால் தண்ணீர் சேர்ப்பது தீர்வு இல்லை. இன்ஜினியர் சொல்லும் அளவில் அட்மிக்ஸர் சேர்க்கலாம். முக்கியமாக, ஆற்று மணலுக்குப் போட்ட மிக்ஸ் டிசைனை அப்படியே எம்-சாண்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

விதி என்ன சொல்கிறது?

எம்-சாண்டுக்கும் பொருந்தும் தரநிலை ஐ.எஸ் 383:2016. 75 மைக்ரானைவிட மெல்லிய தூள் இயற்கை மணலில் 3 சதவீதம் வரைதான் இருக்கலாம். உடைத்த கல் மணலில் 15 சதவீதம் வரை அனுமதி உண்டு. கொஞ்சம் தூள் இருப்பது தவறில்லை. வரம்பு தாண்டுவதுதான் ஆபத்து.

சைட்டிலேயே சோதிப்பது எப்படி?

* கையில் தேய்த்துப் பாருங்க: நல்ல எம்-சாண்ட் சொரசொரப்பாக இருக்கும். உள்ளங்கையில் மாவு போல அப்பிக்கொண்டால் சந்தேகப்படலாம்.
* பாட்டில் சோதனை: கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர். நன்றாகக் குலுக்கி சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே தடிமனாக ஒரு தூள் அடுக்கு படிந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் பயன்படுத்த வேண்டாம்.
* சல்லடைச் சோதனை: மேலே சொன்ன இரண்டும் முதல் எச்சரிக்கைதான். முடிவு சொல்வது ஆய்வக அறிக்கையே. குவியலின் பல இடங்களிலிருந்து எடுத்து, கலந்து அனுப்ப வேண்டும்.
* சான்றிதழ்: ஆலைகளை ஆய்வு செய்து பொதுப்பணித்துறை சான்று தருகிறது. பில்லில் உள்ள ஆலையின் பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஒன்றா எனச் சரிபார்க்கவும்.
* கியூப் டெஸ்ட்: தளம் போடும் நாளில் 150 மி.மீ கனசதுரங்கள் எடுத்து 7, 28-ம் நாட்களில் சோதிக்க வேண்டும். அந்த நாளின் கலவைக்கு அதுதான் சாட்சி.

எம்-சாண்ட் முழுத் தீர்வா?

இல்லை. ஆற்றைக் காப்பாற்றினாலும் மலையை உடைத்துத்தான் இது வருகிறது. குவாரியைச் சுற்றி தூசியும் வெடி அதிர்வும் இருக்கின்றன. அதனால் இடிபாட்டுக் கழிவிலிருந்து மணல் எடுப்பதற்கும் ஐ.எஸ் 383 வழி விட்டிருக்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம், எம்25 வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை கலக்கலாம். அடித்தளத்துக்குக் கீழே போடும் மெலிந்த கான்கிரீட்டில் முழுக்கவே பயன்படுத்தலாம். சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூரில் மாநகராட்சியின் கழிவு மறுசுழற்சி ஆலைகள் உள்ளன.

ஒரு லோடு மணலில் மிச்சம் பிடிக்கும் சில ஆயிரம் ரூபாய், பிறகு விரிசல் அடைக்கும் செலவுக்குக் காணாது. தளம் போடும் தேதியைக் குறிக்கும் முன்பே மணல் அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.